குல்வென் படத்தில் யாரும் சாயம் பூசக்கூடாது

மோந்த்ரேய்,
மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள எனோராவுக்கு,

சோலாஞ் எழுதுவது. மோன்ரியாலில் நீயும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. கோபம் ரொம்ப நன்றாகவே வேலை செய்கிறது. அதனால்தான் தொலைபேசியில் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நான் கத்துவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய்.

உன் அப்பா குல்வெனின் முதல் படமான 'வலை காயும் நேரம்' படத்துக்கு வர்ணம் ஏற்றப் போகிறார்களாம். நீயும் சரி என்று சொல்லிவிட்டாயாம். அதைச் செய்யும் தொலைக்காட்சி நிறுவனத்தைச் சேர்ந்த போர்தியே என்கிற கனவான் சொன்னார். இப்போதைக்கு வாய்ச் சம்மதம்தான், கையெழுத்து மாதக் கடைசியில் வந்துவிடும் என்று ஏதோ பார்சல் வரப்போகிற மாதிரி சொன்னார். குல்வென் போய் இன்னும் ஒரு குளிர்காலம் முழுதாக முடியவில்லை. அதற்குள் டப்பாவும் தூரிகையுமாக வந்து நிற்கிறார்கள்.

மாதிரிக்குக் கொஞ்சம் வர்ணம் ஏற்றி வைத்திருக்கிறோம், வந்து பாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நாற்பது வருஷம் குல்வென் மாதெக்கின் படங்களை வெட்டி ஒட்டிய எடிட்டரே ஆசீர்வதித்தார் என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம் இல்லையா. போனேன். குளிர்பதன அறை, மெத்தை நாற்காலி, நல்ல காபி. திரையில் உன் அப்பாவின் ஊரான லோக்துதி துறைமுகம் வந்தது. மீனவப் பெண்களின் கன்னங்களுக்கு ரோஜா நிறம். கடலுக்கு நீச்சல் குளத்து நீலம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் படகு திரும்பி வரும் காட்சி வந்தது. படகின் இடப்பக்க விளக்கில் பச்சை, வலப்பக்க விளக்கில் சிவப்பு. அப்படியே தலைகீழ்!

நான் சொன்னேன்: "ஏம்ப்பா, இடது பக்கம் சிவப்பு இல்ல இருக்கணும்? உலகத்துல எந்தக் கடலுக்குப் போனாலும் அதுதானே?"

போர்தியே சிரித்தார். "மேடம், அதெல்லாம் யாரு பாக்கப் போறாங்க? அந்த மூலையில பச்சை இருந்தா கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு. பாவம், அவர்கிட்ட அன்னைக்குக் கலருக்கு வசதி இல்ல. அவர் ஆசையை நாங்க நிறைவேத்தறோம், அவ்வளவுதான்."

ஆசையாம்! கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். "தம்பி, இந்த விளக்கை மாத்திச் சொன்னதுக்காகத்தான் இந்தப் படம் எடுத்த மனுஷன் பத்து வயசுல உதடு கிழிய அறை வாங்கினாரு. உங்களுக்கு அதே தப்புக்குச் சம்பளம் குடுக்கறாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்கும் புரியாது. புரியாதபடி பார்த்துக்கொண்டவர் உன் அப்பாதான்.

போர்தியே வாசல்வரை வந்து நீ சொன்னதாக ஒன்று சொன்னார்: "அப்பாவுக்கு நிறம்னாலே இளக்காரம். செத்த பிறகாவது அவர் படத்துல கொஞ்சம் நிறம் ஒட்டட்டும்." நீ சொல்லியிருப்பாய். உன் குரலிலேயே எனக்குக் கேட்டது. மெட்ரோவில் வீடு வந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன்.

எனோரா, உன் அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. பிறவியிலேயே. இரண்டும் அவருக்கு ஒரே மங்கலான பழுப்பு. யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சொல்லிவிட்டேன். இதில் கோபப்படுவதென்றால் என்மேல் கோபப்படு, அவர்மேல் வேண்டாம்.

உன் தாத்தா மீன்பிடி இழுவைப் படகின் தலைவர் என்பது உனக்குத் தெரியும். மகனையும் கடலுக்கே பழக்க வேண்டும் என்று பத்து வயதில் ஏற்றிக்கொண்டு போனார். மூடுபனியில் எதிரே ஒரு படகு வந்தது. "என்ன விளக்குடா தெரியுது?" என்று கேட்டார். இவர் பச்சை என்றார். சிவப்பு. மயிரிழையில் தப்பினார்கள். ஆட்கள் எல்லாரும் பார்க்க ஓர் அறை. "கண்ணு இருந்தும் குருட்டுப் பய! இவனைக் கரையிலேயே கட்டிப் போடுங்க!" அதற்குப் பிறகு அந்த ஊரில் அவரை யார் நிம்மதியாக விட்டார்கள்? வெந்த நண்டு ஒன்றையும் வேகாத நண்டு ஒன்றையும் நீட்டி, "எதுடா குல்வென் வெந்தது? சரியா சொன்னா திங்கலாம்" என்று பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்பார்களாம். கடைசியாக இதைச் சொன்னபோது அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. அப்போதும் முகம் சுருங்கியது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயக் கூடத்தில் படம் போடுவார்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. "அங்கதான் சோலாஞ், எல்லாரும் பாக்கறதையே நானும் பாத்தேன். அந்த ஒரு இடத்துல எவனும் என்னை ஏமாத்த முடியல" என்றார். பதினெட்டு வயதில் பாரிசுக்கு ஓடி வந்து படப்பிடிப்புகளில் விளக்கு ஒயர் சுமந்தவர், பிறகு உதவி இயக்குநர், அப்புறம் இந்தப் படம். அப்பாவின் ஊருக்கே திரும்பிப் போய், அதே துறைமுகத்தில், அதே ஆட்களை நிற்க வைத்து எடுத்தார். வசதி இல்லாமல் கறுப்பு வெள்ளையில் எடுக்கவில்லை. தயாரிப்பாளர் கலர் சுருள் வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சினார். மாட்டேன் என்று சண்டை போட்டார். ஏனென்று யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்கு விலையும் கொடுத்தார். 'ஜூலை வீடு' என்ற அவர் படம் உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னப் பெண். கலரில் எடுக்காவிட்டால் இனிமேல் வேலையே இல்லை என்று கழுத்தைப் பிடித்தார்கள். எடுத்தார். லேபில் நிறம் திருத்தும் அறையில் உட்கார்ந்து, இங்கே சிவப்பைக் கூட்டு, அந்தப் புல் அப்படியே இருக்கட்டும் என்று அதிகாரமாகச் சொன்னார். அந்த அறையில் இயக்குநர் சொல்வதற்கு எதிராக யாரும் மூச்சு விட மாட்டார்கள், அது எங்கள் தொழிலின் வழக்கம். லேப்காரர் என்னைப் பார்த்தார். நான், "குல்வென், புல் செங்கல் மாதிரி இருக்கே" என்றேன். "அப்படித்தான் வேணும்" என்று விழுந்து கடித்தார். ஏதோ புதுமை செய்கிறார் என்று நாங்களும் நம்பினோம். படம் வெளியான அன்று அரங்கமே சிரித்தது. காதல் காட்சியில் கதாநாயகியின் முகம் சுட்ட மிளகாய் மாதிரி இருந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? பத்திரிகை அறிஞர் ஒருவர் மட்டும் செங்கல் நிறப் புல்வெளி என்பது முதலாளித்துவத்தின் அழுகல் என்று பக்கம் பக்கமாக எழுதினார். குல்வென் அதைப் படித்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கண்ணீர் நிற்கவில்லை. அன்றைக்குத்தான், லேபுக்கு எதிரே இருக்கும் காபிக்கடையில், என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் யாரும் படம் தரவில்லை. மாலைக் கல்லூரியில் பாடம் எடுத்தார். தெரிந்தவர்களிடம் கேமரா வாங்கி, மறுபடியும் கறுப்பு வெள்ளையில் சின்னச் சின்னதாக எடுத்தார். பிடிவாதக்காரர், பழம்பஞ்சாங்கம், வறுமையைப் பூசிக்கொள்ளும் சாமியார் என்று எழுதினார்கள். உன் அம்மா விட்டுப் போனாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், முட்டாள்! நான் எத்தனையோ தடவை அவர் முகத்துக்கு நேரேயே சொன்னேன். என்னை வேண்டுமானால் நீ கேட்கலாம், நீ மட்டும் ஏன் கூடவே இருந்தாய் என்று. கேட்காதே.

இப்போது உன் ஓவியக் கண்காட்சிக்கு வருகிறேன். அவர் வந்தார், பத்து நிமிஷம் நின்றார், "சட்டமெல்லாம் நல்லா போட்டிருக்கீங்க" என்றார், போய்விட்டார். அதை நீ ஊர் முழுக்கச் சொன்னாய். சொல்லாமல் இருப்பாயா? அப்பா பேசின பேச்சா அது? அதோடு மோன்ரியாலுக்குப் போனவள்தான் நீ.

மறுநாள் காலை கண்காட்சிக் கூடம் திறந்ததும் அவர் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனது உனக்குத் தெரியாது. ஒவ்வொரு ஓவியத்தின் முன்னாலும் நிறுத்தி, "இங்க என்ன நிறம்? அது எதுவரைக்கும் போகுது? இதைவிட அது அடர்த்தியா?" என்று நச்சரித்தார். அங்கே இருந்த பெண் எங்களைப் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டாள். அந்தப் பெரிய ஓவியத்தின் முன்னால் வந்ததும், "இது நல்லா இருக்கு. ஆப்பிள் தோட்டம். ஆனா ஏன் காலியா விட்டுட்டா?" என்று கேட்டார்.

அது காலி இல்லையே, எனோரா. பச்சைத் தோட்டத்துக்கு நடுவில், தலையையும் மூடிய சிவப்புக் கோட்டோடு நீ முதுகு காட்டி நிற்கிறாய்.

நான் சொன்னேன். அவர் கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "எங்க நிக்கறா? காட்டு" என்றார். நான் விரலை உன் தலையிலிருந்து கோட்டின் விளிம்புவரை காற்றில் ஓட்டினேன். என் விரலுக்குப் பின்னாலேயே அவர் விரலும் வந்தது. தொட்டுவிட்டார். அந்தப் பெண் "தொடாதீங்க சார்!" என்று கத்தினாள். "எம் பொண்ணும்மா. பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

வெளியே வந்ததும் நான் திட்டித் தீர்த்தேன்: இப்போதே போய் அவளிடம் சொல்லு என்று. "படம் வரையற பொண்ணுகிட்டப் போய், உன்னையே எனக்குத் தெரியலன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

இந்த நாட்டுச் சட்டப்படி அவருடைய படத்தைக் காக்கும் உரிமை இப்போது உன்னிடம்தான் இருக்கிறது. காசு போட்ட தயாரிப்பாளரோ, கூட உழைத்த நானோ ஒன்றும் செய்ய முடியாது. போர்தியேவோடு நான் சண்டை போடலாம், பத்திரிகைக்கு எழுதலாம், கடைசியில் அவர்கள் பார்ப்பது உன் கையெழுத்தைத்தான். நான் கேட்பது இவ்வளவுதான். உலகத்தில் மற்றதெல்லாம் நமக்கு ஒரு மாதிரியும் அவருக்கு ஒரு மாதிரியும் தெரிந்தது. அவர் கண்ணால் பார்த்ததை அப்படியே நம் கண்ணாலும் பார்க்கக் கூடிய ஒரே இடம் அந்தப் படம்தான். அதையும் அவருக்குத் தெரியாத ஒன்றாக மாற்றிவிடாதே, அம்மா.

உனக்கு எல்லா நன்மையும் வரட்டும். நிறைய வரை. சிவப்பை அள்ளி அள்ளிப் பூசு, யாருக்காகவும் குறைக்காதே.

என்றும் உன் நலம் நாடும்,
சோலாஞ்