வாசலில் தலைகீழாக ஒரு செடி

8 ஜூன் 2025, ஞாயிறு

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால், அத்தை கையில் என் மனைவி சேதுவின் டீ கப்போடு தெருவில் நிற்கிறாள். கப்புக்குள் சேது வளர்த்த செடி. குப்பை வண்டிக்காகக் காத்திருக்கிறாளாம்.

"கள்ளிய வீட்டுக்குள்ள வச்சா குடும்பம் வெளங்குமாலே? இத வாங்கிட்டு வந்த வருசமே எம்மக போயிட்டா."

பிடுங்கிக்கொண்டு வந்து ஜன்னலில் வைத்தேன். கத்தினேன். மூளையில ரத்தக் குழா வெடிச்சுல்ல செத்தா அவ, செடியாலயா சாவாக? கிளாஸ் ரூம்ல போர்டுல கணக்கு எழுதிக்கிட்டு இருந்தவளுக்கு ஜன்னல்ல இருக்க செடி என்ன பண்ணும்?

அவள் நம்பவில்லை. கடைசியில், "இது கள்ளியே இல்ல. முள்ளு இருக்கா பாரு. இது கற்றாழைச் சாதி" என்றேன். அது உண்மைதான். உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டிக் கற்றாழை மாதிரி, தடித்த இலையும் அதில் வெள்ளைக் கோடுமாக இருக்கும்.

"கற்றாழையா?" என்று கிட்டப் போய்ப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "கற்றாழைன்னா வீட்டுக்கு நல்லதாச்சே. அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

9 ஜூன்

எல்லோர் மேலும் எரிச்சலாக வருகிறது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

15 ஜூன், ஞாயிறு

குப்பையில் போட வந்தவள் இப்போது அதற்கு அம்மா ஆகிவிட்டாள். தினமும் தண்ணீர். இன்றைக்கு ஒரு செம்பு! டீ கப் நிறைந்து, ஜன்னல் திட்டு வழிந்து, கீழே மடித்து வைத்திருந்த சேதுவின் சேலை வரைக்கும் நனைந்துவிட்டது.

"வாடிக் கெடந்துச்சுலே. பாவமா இருக்குல்ல?"

வாடவில்லை, அதன் உருவமே அப்படித்தான். இலைக்குள்ளேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்று சேது சொல்லியிருக்கிறாள். மதுரையில் வாங்கி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போது, "இது ஒன்னய மாதிரி. ஒண்ணும் கேக்காது, ஒண்ணும் சொல்லாது" என்று சிரித்தாள். எவ்வளவு ஊற்ற வேண்டும், எப்போது ஊற்ற வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை ஏன் சொல்லல? எல்லாத்தையும் சொல்ற வாயி, இத மட்டும் ஏன்டீ சொல்லாமப் போன?

சேலையைக் கொடியில் போட்டேன். அவள் வாசம் போய்விட்டது.

22 ஜூன், ஞாயிறு

இனி அத்தையும் ஊற்ற வேண்டாம், நானும் ஊற்ற வேண்டாம். மண்ணில் குத்தி ஈரம் பார்க்கிற சென்சார் ஒன்று வாங்கினேன். மீன் தொட்டிக்குப் போடுகிற சின்ன மோட்டார் ஒன்று. தினம் ஒரு தடவை பார்த்து, மண் காய்ந்திருந்தால் மோட்டார் ரெண்டு ஸ்பூன் தண்ணீர் விடும், ஈரமாக இருந்தால் ஓடாது. வேலையில் இதைத்தானே செய்கிறேன். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற நிலையத்தில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு மீட்டர்கூட மாட்டுவதில்லை.

ஊர்த் தண்ணீர் உப்பு, செடிக்கு ஆகாது. அதனால் நிலையத்திலிருந்தே உப்பெடுத்த தண்ணீரைக் கேனில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். சுத்தமான தண்ணீர். அவள் குடித்த தண்ணீர்கூட இவ்வளவு சுத்தம் இல்லை.

"செடிக்குப் போய் கரண்டு வச்சிருக்கான் பாரு" என்றாள் அத்தை.

4 ஜூலை

எனக்கு மறுபடி பெண் பார்க்கலாமா என்று அப்பா ஃபோனில் கேட்டார். ஃபோனைச் சுவரில் எறிந்தேன். கண்ணாடி போய்விட்டது.

13 ஜூலை, ஞாயிறு

அடி இலைகள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. தொட்டால் கொழகொழவென்று இருக்கிறது. ஆனால் சென்சார் மண் காய்ந்திருக்கிறது என்கிறது. மோட்டார் ஓடுகிறது. சென்சார் சொல்லும்போது நான் என்ன செய்ய?

இது போய்விட்டால் அவள் கை பட்டு உயிரோடு இருக்கிற எதுவும் இந்த வீட்டில் இருக்காது. இதை எழுதும்போதும் அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது. இவ்வளவு செய்தும் சாகிறதே, என்ன திமிர்!

24 ஜூலை, வியாழன். ஆடி அமாவாசை

நான் மனுசனே இல்ல.

விடிகாலையிலேயே சேதுக்கரைக்குப் போகலாம், கடலில் குளித்துவிட்டுச் சேதுவுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று அத்தை கூப்பிட்டாள். வேலை இருக்கிறது என்றேன். வேலை இல்லை. அவள் மட்டும் பஸ் ஏறிப் போனாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், வாசல் நிலைக்கு மேலே அது தொங்குகிறது. வேர் மேலே, இலை கீழே. மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கருப்புக் கயிற்றில் காய்ந்த மிளகாயும் படிகாரமும் சேர்த்துக் கட்டியிருக்கிறாள். ஊரில் ஒவ்வொரு வாசலிலும் கண் திருஷ்டிக்குக் கற்றாழை கட்டியிருக்குமே, அது மாதிரி.

"நீதானலே கற்றாழைன்ன? அமாவாசை வரட்டும்னு காத்திருந்தேன். சின்னதா இருந்தாலும் கற்றாழ கற்றாழதான. ஒனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுல்ல?"

அவள் தலைமுடியில் கடல் ஈரம் இன்னும் காயவில்லை. அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"இதக் கட்டுனா சாவு வராதுன்னா, ஒம்மகளுக்கு ஏன் கட்டல? கட்டியிருந்தா இருந்திருப்பால்ல?"

மாமா போன பிறகு அத்தைக்கு இருந்தது சேது ஒருத்திதான். அடுப்பை அணைத்தாள். பையை எடுத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, "சோறு வடிச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் ஊர் திருப்புல்லாணிக்குப் போய்விட்டாள்.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

25 ஜூலை

செடியை இறக்கி மறுபடி நடலாம் என்று கப்பை எடுத்தேன். நாற்றம். மண் இல்லை, சகதி. கப்புக்கு அடியில் ஓட்டை கிடையாது. ஊற்றிய தண்ணீர் எல்லாம் உள்ளேயே தேங்கிக் கிடந்திருக்கிறது. மேலே தொங்குகிற வேரைத் தொட்டேன். கருப்பாக உரிந்து கையோடு வந்தது.

அத்தை கட்டுவதற்கு முன்பே அழுகியிருக்கிறது. இதற்குள் திரும்ப எப்படி நடுவது? அப்படியே விட்டுவிட்டேன்.

சென்சார் இன்னும் 'காய்ந்திருக்கிறது' என்கிறது! சகதிக்குள் நின்றுகொண்டு!

27 ஜூலை, ஞாயிறு

புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

அந்த சென்சார் ஈரத்தைப் பார்ப்பதில்லை. மண்ணுக்குள் கரண்ட் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்கிறது, அவ்வளவுதான். தண்ணீரில் உப்பு இருந்தால் கரண்ட் ஓடும். உப்பை எடுத்துவிட்டால் ஓடாது. நான் ஊற்றியது உப்பெடுத்த தண்ணீர். அதனால் மண் முங்கிக் கிடந்தாலும் காய்ந்திருக்கிறது என்றே சொல்லியிருக்கிறது. ஊர் உப்புத் தண்ணீரை ஊற்றியிருந்தால் ஒழுங்காகக் காட்டியிருக்கும். டிப்ளமோ முதல் வருசப் பாடம்! தினமும் இதை வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன்!

அத்தையைச் செம்பால் ஊற்ற வேண்டாம் என்றேன். மோட்டார் வைத்து நானே முக்கிக் கொன்றேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

கூட வேலை பார்க்கிற டேவிட்ராஜிடம் சென்சார் ஏமாற்றியதையும் அத்தை கோபித்துப் போனதையும் சொன்னேன். பாம்பன்காரன். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவனுக்கு.

"ஏலே, வெளிய சொல்லிறாத. நாள பின்ன ஒன்ன நம்பி எவனும் தண்ணி குடிக்க மாட்டான்."

சட்டையைப் பிடித்துவிட்டேன். அவன் என் கையை விலக்கவில்லை. சிரிப்பை மட்டும் நிறுத்தினான்.

"செடிகிட்டத் தப்புப் பண்ணிட்டேன்னு இவ்வளவு நேரம் புலம்புன. அந்தப் பொம்பளையப் போயிப் பாத்தியா?"

"ஒன் வேலையப் பாருடா" என்றேன்.

17 ஆகஸ்ட்

சாகவில்லை. இன்னும் தொங்குகிறது. அழுகின இலைகள் காய்ந்து உதிர்ந்துவிட்டன. அழுகின வேரும் சருகாகி நின்றுவிட்டது. நடுவில் நாலைந்து இலை, சுருங்கியிருக்கிறது, ஆனால் கெட்டி. காற்றில் காயவிட்டதுதான் வைத்தியம் என்று ஃபோனில் தேடினால் வருகிறது. அத்தைக்கு அது தெரியாது. அவள் எனக்காகக் கட்டினாள், செடி பிழைத்துக்கொண்டது.

இப்போது யார் மேல் கோபப்படுவது?

31 ஆகஸ்ட்

சேது மேல்தான். எழுதிவிட்டேன். எனக்கு அவள் மேல்தான் கோபம். அன்றைக்குக் காலையில் டிபன் பாக்ஸில் எலுமிச்சை சோறு வைத்துக்கொண்டு போனாள். "சாயங்காலம் சீக்கிரம் வாரேன்"னு சொன்னியே. வரலையே. செத்துப்போன பொண்டாட்டி மேல கோவப்படுறவன் என்ன சென்மம்?

7 செப்டம்பர், ஞாயிறு

திருப்புல்லாணிக்குப் போனேன். அத்தை கூடத்தில் புளி உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

"என்ன, செத்துருச்சா?"

"இல்ல. இருக்கு."

"எனக்காகப் பொய் சொல்லாத."

"பொய் இல்ல. மோட்டார் வச்சு அழுக வச்சது நான்தான். நீ கட்டுனதால காத்துல காஞ்சு பொழச்சிருச்சு."

புளியங்கொட்டையை எடுத்துத் தூரப் போட்டாள். அடுத்ததையும் போட்டாள்.

"ஒரு கேள்வி கேட்டியே அன்னைக்கி."

"அத்தை, அது…"

"கட்டுனேன்லே. நீங்க அந்த வீட்டுக்குக் குடிபோன அன்னைக்கே பெரிய கற்றாழையாப் பாத்துக் கட்டுனேன். ஒம்பொண்டாட்டிதான் அவுத்துத் தூர எறிஞ்சா. 'போம்மா, வாரவுக தலையில இடிக்குது'ன்னு சிரிச்சா." அவள் குரல் உடையவில்லை, ஏறியது. "திமிரு பிடிச்ச கழுத! எதச் சொன்னாலும் சிரிப்பு. தல வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னாளா எங்கிட்ட? ஒங்கிட்டச் சொன்னாளா?"

"சொல்லல."

"பெத்தவகிட்டச் சொல்ல மாட்டா, கட்டுனவங்கிட்டச் சொல்ல மாட்டா. அப்படியே போயிட்டா. எனக்கு அவ மேல இருக்க ஆத்திரத்துக்கு, எதுக்க வந்தா வெளக்கமாத்தாலயே நாலு போடுவேன்."

"எனக்குந்தான் அத்தை" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை மாதத்தில் நான் யாரிடமும் சொல்லாதது. சொன்னால் அடிப்பாள் என்று நினைத்திருந்தேன்.

"ஒனக்குமாலே?"

"ம்."

அதற்குப் பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து சேதுவைத் திட்டினோம். சார்ஜரை எங்கேயோ வைத்துவிட்டு என்னைத் தேடவிடுவது, பால் பொங்கும்போது ஃபோன் பேசுவது, கல்யாணத்துக்கு முன்னாடி அத்தையிடம் சொல்லாமல் தோடு விற்று ஸ்கூட்டி வாங்கியது. எனக்குத் தெரியாதது நிறைய இருந்தது. நடுவில் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அத்தை புளிக் கையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். கண் எரிந்தது. "அய்யய்யோ, கழுவுலே, கழுவு" என்று கொல்லைக்குத் துரத்தினாள்.

21 செப்டம்பர், ஞாயிறு

அத்தை வந்தாள். செடியை நானே இறக்கி வைக்கிறேன் என்று ஸ்டூல் போட்டதற்குக் கீழே இறங்கச் சொன்னாள். கட்டியவள்தான் அவிழ்க்க வேண்டுமாம். அந்த இடத்தில் ஒரு முழம் நீளக் கற்றாழையைக் கட்டிவிட்டாள். வரும்போதும் போகும்போதும் என் தலையில் இடிக்கிறது. நான் அவிழ்க்கப் போவதில்லை.

டீ கப்பின் அடியில் டிரில் போட்டேன். பாதியில் ரெண்டாகப் பிளந்துவிட்டது. கெட்ட வார்த்தை வந்தது, அத்தை முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவள் போய்க் கொட்டாங்கச்சியில் ஆணியால் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தாள். ஆற்று மணலும் செங்கல் தூளும் போட்டு நட்டோம். கொட்டாங்கச்சி உருளுகிறது என்று சுற்றிலும் தன் பழைய சேலைக் கிழிசலைச் சுருட்டி வைத்தாள்.

26 செப்டம்பர், வெள்ளி

காலையில் அத்தை ஊருக்குப் போனாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக, "நான் இல்லைன்னு தண்ணி கிண்ணி ஊத்திறாத" என்றாள்.

"நீ மட்டும் ரொம்ப. செம்போட ஊத்துனவதான."

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

சாயங்காலம் ஃபோன். ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம், என்ன குழம்பு வைக்கட்டும் என்று கேட்டாள். மீன் குழம்பு என்றேன். புரட்டாசியில் பெருமாள் கோயில் ஊர்க்காரியிடம் மீன் கேட்கிறாயே, அறிவு இருக்கிறதா என்று பிடித்துக்கொண்டாள். நானும் விடவில்லை, பெருமாளா வந்து பார்க்கப் போகிறார் என்றேன். அவள் அதற்கு ஒன்று சொன்னாள், நான் அதற்கு ஒன்று. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. ரெண்டு பேரும் ஃபோனை வைக்கவில்லை.