இடது, வலது, போதும்

மார்ச் 3, ஞாயிறு
காலை முழுதும் ஷெட்டில். வழக்கம்போல நான் ஸ்டியரிங்கில், இவர் காருக்கு அடியில். "இடது... முழுசா ஒடி... போதும். வலது." எங்கள் கல்யாணத்துக்கு முன்பே பிறந்த கார். பவர் ஸ்டியரிங் கல்லாய்க் கனக்கிறது, திருப்பினால் முனகுகிறது. எதிரே அதே சுவர், அதே ஆணி.

மார்ச் 5
மலைமேல் உள்ள கல்லூரியில் எனக்கு ஆய்வகப் பொறுப்பு தருகிறார்கள், இரண்டு வருஷத்துக்கு. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இவரிடம் சொன்னேன். மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.
"போயேன், யார் வேணாங்கிறா? வண்டி சரியாகட்டும், நானே கொண்டுபோய் விடறேன். அந்த மலையில பஸ்ல தொங்கிக்கிட்டா போவ?"
தங்கை போனில்: "அத்தான் மாதிரி யாருக்குக்கா கிடைப்பாங்க?"

மார்ச் 10, ஞாயிறு
ஸ்டியரிங்குக்கு எண்ணெய் தள்ளும் பம்பை மாற்றிவிட்டார். முனகல் அப்படியே. எண்ணெய்த் தொட்டியைத் திறந்தேன்: ஒரே நுரை. எங்கோ காற்று உள்ளே போகிறது என்றேன்.
"எங்கயாவது ஒழுகுதா? தரை காஞ்சு கிடக்கு. நீ ஸ்டியரிங்கப் பிடி."

மார்ச் 14
ஒழுகவில்லை, சரி. ஆனால் தொட்டியிலிருந்து வரும் குழாயில் பம்ப் உறிஞ்சத்தானே செய்கிறது? அங்கே பிடி தளர்ந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். எனக்குப் பிடித்த விளக்கம் என்பதாலேயே நம்பத் தயக்கம்.

மார்ச் 15
இவர் வெளியே போயிருந்தார். குழாயின் கிளிப் விரலாலேயே சுழன்றது. திருப்புளியால் இறுக்கினேன். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, உள்ளே போன காற்று வெளியேற, இன்ஜினைப் போடாமல் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பித் திருப்பி, குறையக் குறைய எண்ணெய் ஊற்றினேன். நுரை அடங்கியது. பிறகு வண்டியை இறக்கி ஸ்டார்ட் செய்தேன். ஒற்றை விரலுக்குத் திரும்புகிறது. வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 17, ஞாயிறு
"பாத்தியா? புதுப் பம்ப் செட்டாயிடுச்சு. நான் சொல்லல?"
அப்படியே இருக்கட்டும். அதான் வண்டி சரியாகிவிட்டதே என்றேன்.
"அவசரப்படாத. பிரேக்ல ஒரு மாதிரி சத்தம் வருது. அடுத்த வாரம் பாத்துடலாம்."
எந்தச் சத்தமும் இல்லை. பிரேக் முடிந்தால் கியர்பாக்ஸ். அப்புறம்? — இந்த மனுஷனுக்கு என்னதான் வேணும்? போகாதேன்னு வாயைத் திறந்து சொன்னா என்ன, கொறஞ்சா போயிடுவாரு?

மார்ச் 20
மூன்று நாளாய் இவரிடம் பேசவில்லை. அவர் கவனிக்கவும் இல்லை.

மார்ச் 24, ஞாயிறு
"மிதி. விடு. மிதி. போதும், ஆஃப் பண்ணு."
ஆஃப் பண்ணவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சாவி என் கையில்தான் இருந்திருக்கிறது. எப்படித் தோன்றாமல் போனது?
இவர் அடியிலிருந்து வெளியே வந்ததும், "தள்ளி நில்லுங்க" என்றேன். ரிவர்ஸ். கேட். தெரு. முனையில் முழுசாக இடது ஒடித்தேன், கார் திரும்பியது! கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தேன். பிரேக் நன்றாகவே பிடிக்கிறது.
ஸ்பேனரும் கையுமாக நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்.
"லைசன்ஸ் இருக்கா உனக்கு?"
"முடியறப்பல்லாம் புதுப்பிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

மார்ச் 26
சம்மதம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நானும் பக்கத்துல உக்காந்து வரேன். வர்றப்ப வண்டிய நான் எடுத்துட்டு வந்துடவா?"
"வண்டி அங்கயே இருக்கட்டும்" என்றேன். "நீங்க பஸ்ல வந்துடுங்க."