கையில் சுற்றிய கயிறு

அன்புள்ள மனைவி மாடத்திக்கு,

அம்மாவின் மூட்டுவலி தேவலையா? எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, இடது கையால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் மாப்பிள்ளை ஊர்வலம். அன்றைக்கு அது மூன்றாவது. நடந்துகொண்டே தூங்கிவிடுவேனோ என்று நம் குதிரை ராணியின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன். வெடிச் சத்தத்தில் அது மிரண்டு இழுத்ததில் மணிக்கட்டு பிசகிவிட்டது, அவ்வளவுதான். மேலே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை விழவில்லை. ராணிக்கும் ஒன்றுமில்லை.

பக்கத்து லாயத்து இசக்கி அண்ணன்தான் திட்டினார்: "கயித்தக் கையில சுத்தாதன்னு ஊருக்கெல்லாம் சொல்லுத, நீயே சுத்துனியாக்கும்?"

ராணிக்குத் தண்ணீர் காட்ட நேரமாகிவிட்டது. கையைத் தொங்கவிட்டுக் கட்டிக்கொள்ள உன் பழைய நூல் சேலை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம். சோப்பு வாசனை ராணிக்கு ஆகாது.

ஜெயகணேஷ்