சரிபார்த்தேன் என்று போட்ட கையெழுத்து

அன்புள்ள குட்டிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம், நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் இங்கே கவலை. அக்கா மூன்றாம் மாடிக்குக் குடிபோய்விட்டாள், படியேறியே இளைத்துவிட்டேன் என்று பார்ப்பவரிடமெல்லாம் பெருமையடிக்கிறாள்.

போன வாரம் நீ அழும்போதே போனை வைத்துவிட்டேன், உன்மேல் கோபம் என்று நினைத்திருப்பாய், அது கோபமில்லை, காரணத்தைக் கீழே எழுதுகிறேன். உங்கள் காலேஜ் கம்ப்யூட்டர் நெட்வொர்க் செமினாரில் மாணவர்களிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று நீ அனுப்பிய தாளை அக்காவைப் படித்துச் சொல்லச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன். வாரம் இரண்டு ஆய்வுக் கட்டுரை படிக்க வேண்டும், எது சரி எது ஓட்டை என்று சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும், வகுப்பில் யாரை வேண்டுமானாலும் எழுப்பிக் கேட்பார்கள், படிக்காவிட்டால் படிக்கவில்லை என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். நீ ஒரு சீனியர் பெண் எழுதிய பழைய பக்கத்தை அவளுக்குத் தெரியாமல் எடுத்து உன்னுடையது என்று கொடுத்தாய், பேராசிரியர் கேள்வி கேட்டதும் மாட்டிக்கொண்டாய், மூன்று வாரமாக அறையிலேயே கிடக்கிறாய். இப்போது அவளாகக் கொடுத்தாளா என்று அவளையும் விசாரிக்கிறார்களாம்.

நான் டெலிபோன் கேபிள் வேலையில் இருந்தபோது, உனக்குப் பத்து வயது, மழைத்தண்ணீர் இறங்கி ஒரு தெருவே போன் இல்லாமல் கிடந்தது. கேபிளைப் பிரித்து இணைத்த பிறகு இருபத்திரண்டு வீட்டு லைனையும் சோதிக்க வேண்டும், பதினெட்டோடு அலுத்துப்போய் மீதி நான்குக்கும் சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதில் ஒன்று கடிகாரம் பழுதுபார்ப்பவர் வீடு. மறுநாள் காலை அவர் மனைவிக்கு நெஞ்சுவலி, அவர் சுற்றிய நம்பர் போகவில்லை, அவர் ஓடிப்போய் வண்டி பிடித்து வருவதற்குள் அந்த அம்மாள் போய்விட்டாள். பழைய கேபிள் என்று ஆபீசுக்குள்ளேயே விசாரணையை முடித்தார்கள், அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

உன் போனை வைத்த மறுநாள் அவர் கடைக்குப் போய்ச் சொன்னேன். பதற்றத்துல நான்தான் நம்பரைத் தப்பா சுத்திட்டேன்னு இத்தனை வருஷமும் என்னையே திட்டிக்கிட்டிருந்தேன் என்றார். கையிலிருந்த கடிகாரத்தைக் கீழே வைத்துவிட்டு, இனிமே இந்தப் பக்கம் வராதீங்க என்றார். மனசு லேசாகும் என்று நினைத்துப் போனேன், ஆகவில்லை. ஆனால் அவர் இனி தன்னைத் திட்டிக்கொள்ள மாட்டார்.

அதனால் மன்னித்துவிடுவார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நாளைக்கே பேராசிரியரைப் பார்த்து, அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது, நான்தான் எடுத்தேன் என்று சொல். உன்னைக் காலேஜிலிருந்து அனுப்பிவிட்டால் வீட்டுக்கு வா, வண்டி வரும் நேரத்தை மட்டும் சொல், வந்து நிற்கிறேன்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. போன் செய்தால் முதலில் அம்மாவிடம் பேசு. இதையெல்லாம் அவளிடமும் சொன்னேன், நான்கு நாளாகச் சோறு போடுகிறாள், என்னோடு பேசுவதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா