மொட்டைத் தலையும் முக்குளிக்கும் ஹெல்மெட்டும்

மச்சான்,

புது ஹெல்மெட் வந்திருக்கிறது. பெட்டியைத் திறந்ததும் கழுத்து ரப்பரின் வாசம் புக்கிட் ரம்பாயில் இருக்கும் நம் முக்குளிப்புப் பட்டறை முழுக்க ஏறிவிட்டது. சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை இன்னமும் என்னுடையதுதான். காலையிலிருந்து மனசு நிலைகொள்ளவில்லை. "சைன் பண்ணு லா, நாளைக்கு டுரியான் துங்கால் அணையில வேல" என்று முதலாளி வந்து வந்து சொல்லிவிட்டுப் போகிறார். இந்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நாளை தண்ணீருக்குள் இறங்கப் போகிறவன் உன் தம்பி. மாசி மகத்துக்கு மொட்டை போட்டு வந்து நிற்கிறான்.

உன் மகளுக்குக் காய்ச்சல் தீர்ந்ததென்று நீயும் ஒரு மாசி மகத்தில் முடி கொடுத்தாய். மறுநாளே சோதனைத் தொட்டியில் இறங்கினாய். நான் மேலே, ஹெல்மெட்டுக்குள் பேசும் போனில். "எப்படிடா இருக்கு?" என்றேன். "தலகாணி வச்ச மாதிரி இருக்கு லா" என்றாய். கொஞ்ச நேரத்தில் காரணமில்லாமல் சிரித்தாய். நான் ஒன்று கேட்க நீ ஒன்று சொன்னாய். மூச்சு மட்டும் இரைத்துக்கொண்டு வந்தது. பயந்துபோய் உன்னை மேலே இழுத்தேன்.

தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாய். முடி இருந்தபோது அளவெடுத்த உள்மெத்தையையே மொட்டைக்கும் போட்டிருக்கிறாய். ஹெல்மெட் ஆடி, மூக்கையும் வாயையும் மூடும் உறை விலகி, விட்ட மூச்சையே திரும்ப இழுத்திருக்கிறாய். உன் வீட்டுக்காரி சாமி குத்தம் என்று அழுதாள். "சாமி முடியத்தான் கேட்டுச்சு, மெத்தைய மாத்தாதன்னு சொல்லல" என்றாய் நீ. அதிலிருந்து, "சொகமா இருக்கான்னு கேக்காதடா, ஆடுதான்னு கேளு" என்பதே உன் பேச்சாகிவிட்டது.

அத்தனை தண்ணீரில் தப்பியவன், போன வருடம் வீட்டு நாற்காலியில் மாரடைப்பில் போய்விட்டாய். இன்னும் எனக்கு அது கோபம்தான்.

இன்று உன் தம்பி ஹெல்மெட்டைப் போட்டதும், "ரொம்ப சொகமா இருக்குண்ணே" என்றான். நீ சொன்ன தலகாணிதான் ஞாபகம் வந்தது. கழற்றச் சொல்லி, தடித்த மெத்தை வைத்துத் தொட்டியில் இறக்கினேன். குனி, நிமிர், கையுறையோடு அவசரக் காற்று வால்வைத் தேடு என்று விரட்டினேன். "இன்னும் எத்தன தடவண்ணே?" என்று போனில் கத்தினான். பேச்சு தெளிவாக இருந்தது. உறையும் விலகவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

நாளை போனைக் காதில் வைத்துக்கொண்டு அணைமேல் நிற்பேன். அவன் எரிச்சல்படும்வரை "ஆடுதா, ஆடுதா" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். கேட்பது மட்டும் என்னோடு இருக்கிறது மச்சான். "போதும்டா, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி என்னை அடக்கத்தான் நீ இல்லை.