கிரிக்கெட் மைதானத்தில் கொண்டலாத்தி

ஜூன் 2, 1991, ஞாயிறு

தேவாலயக் கோபுரத்தைச் சுற்றி உழவாரன் குருவிகள் பதினான்கு. போன வருஷம் இதே நாளில் இருபத்தொன்று. ஓடைப் பாலத்தடியில் மீன்கொத்தி. அலகில் பிடித்திருந்த மீனின் தலை வெளிப்பக்கம் பார்த்திருந்தது. அப்படியென்றால் தான் தின்ன அல்ல, குஞ்சுக்கு. எல்டர் புதர் பூத்துவிட்டது. கடை நடத்தும் டோரீன் அந்தப் பூவைப் பறித்துச் சர்பத் போடுவாள், ஊரே ஒரு மாதம் அதைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்ல வேண்டும்.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பப் நடத்தும் ராய் எல்லார் முன்னாலும், "என்ன நைட்டிங்கேல், இன்னைக்குப் பாட்டு இல்லையா?" என்றான். ஒரு மாதமாக இதே கூத்து. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ராத்திரி நைட்டிங்கேல் பறவை பாடுவதைக் கேட்டேன் என்று ஊர் மாத இதழில் ஏப்ரலில் எழுதினேன். மே இதழில் லெனார்ட் பைக்கின் கடிதம் வந்தது. தெருவிளக்கு வெளிச்சம் பட்டால் ராபின் குருவிகள் இருட்டிய பிறகும் பாடும், மேவிஸ் கேட்டது அதைத்தான், பலரும் செய்கிற தவறுதான் என்று. பணிவாகத்தான் எழுதியிருந்தார். பணிவாக எழுதினால் அவமானம் குறைந்துவிடுமா? இருபத்திரண்டு வருஷமாக எங்கள் ஊர் மாத இதழில் 'கண்டதும் கேட்டதும்' பக்கத்தை எழுதுகிறவள் நான். அவர் ரயில்வேயில் சிக்னல் இழுத்துக்கொண்டிருந்தவர், இரண்டு வீடு தள்ளித் தனியாக இருக்கிற கிழவர்.

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஜூன் 5, புதன்

நாள் முழுக்க மழை. டோரீன் கடை வாசலில் முள்ளெலி ஒன்று காரில் அரைபட்டுக் கிடந்தது. தாய் என்று நினைக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

இதை உடனே எழுதியாக வேண்டும்.

காலை ஐந்தே முக்கால். கிரிக்கெட் மைதானத்துக்குப் போனேன். நேற்று ஆட்டத்துக்காகப் புல்லை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பெவிலியனைத் தாண்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ஆடுகளத்தின் நடுவில் ஒரு கொண்டலாத்தி. சும்மா புல்லைக் குத்திக்கொண்டிருந்தது, அங்கேயே பிறந்து வளர்ந்ததுபோல. செங்கல் பொடியில் பாலைக் கலந்த நிறம். இறக்கையில் கறுப்பும் வெள்ளையும் பட்டைபட்டையாக. இரண்டடி பறந்து இறங்கியதும் தலைக் கொண்டையை விரித்தது பாருங்கள் - யாரிடம் சொல்கிறேன் - எனக்கு அழுகை வந்துவிட்டது. தெற்கே கடற்கரையில் எப்போதாவது வரும். எங்கள் ஊருக்கு வந்ததாக யாரும் எழுதிவைத்ததில்லை.

அப்புறம்தான் எதிர்ப்பக்கம் பார்த்தேன். ஸ்கோர் பலகைக்குக் கீழே, ஈரப்புல்லில் முழங்கால் போட்டு, பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி லெனார்ட். எவ்வளவு நேரமாக அங்கே இருக்கிறாரோ. முழங்கால் வரை நனைந்திருந்தது.

முதலில் பார்த்தவர் அவர். நான் இரண்டாவது.

பெவிலியன் சுவரை ஒட்டிப் பின்வாங்கி, வேலியோரமாகவே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஏன் ஒளிந்தேன்? குறுக்கே நடந்துபோய் அவர் பக்கத்தில் மண்டியிட்டிருக்கலாமே. இருபத்திரண்டு வருஷம் தேடின பறவையைச் சேர்ந்து பார்த்திருக்கலாமே. என்னால முடியல. அவ்வளவுதான்.

ஜூன் 10, திங்கள்

நான் தேநீர் போடுவதற்குள் கதவின் தபால் துளை வழியாக ஒரு சீட்டு விழுந்தது. லெனார்டின் எழுத்து: "ஜூன் 9, காலை 5.20 முதல் 6.10 வரை, கிரிக்கெட் மைதானம், கொண்டலாத்தி ஒன்று. இதழில் உன் பக்கத்துக்கு." வேறு ஒரு வார்த்தை இல்லை.

மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

ரொட்டி வாங்கப் போனேன். லெனார்ட் பப்பிலும் சொல்லியிருக்கிறார். தலையில் கிரீடம், வரிக்குதிரை மாதிரி இறக்கை, இளஞ்சிவப்பு உடம்பு என்றாராம். ராய், எத்தனையாவது கிளாஸ் பீரில் வந்தது என்று கேட்டானாம். டோரீன் கல்லாவுக்கு மேல் குனிந்து, நீதான் இதெல்லாம் தெரிந்தவள், அப்படி ஒரு பறவை இங்கே வருமா என்றாள். கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றும் சொன்னேன். அதை யாரும் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன்.

கடை முழுக்கச் சிரிப்பு. இந்த முறை என்னைப் பார்த்து இல்லை. ரொட்டி அருமையாக இருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

ராய் என்னை நைட்டிங்கேல் என்று கூப்பிடவில்லை. லெனார்டை "மகாராஜா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். அவர் வீட்டு கேட்டில் யாரோ ஒரு ரப்பர் வாத்தைக் கட்டி, தலையில் தங்கக் காகிதத்தில் கிரீடம் ஒட்டியிருக்கிறார்கள். அவர் அதை அவிழ்த்து, கட்டியிருந்த நூலை ஒழுங்காகச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையாட்டுகிறார். எதற்கோ காத்திருக்கிறவர் மாதிரி ஒரு கணம் நிற்கிறார். நான் நிற்பதில்லை.

கூகைக் குஞ்சுகள் மூன்று, பண்ணைக் கிடங்கில். பெரியது சின்னதைத் தின்ன ஆரம்பித்துவிட்டது.

ஜூன் 23, ஞாயிறு

லெனார்டின் மகள் ஹெதர் லீட்ஸிலிருந்து வந்திருக்கிறாள். என் வீட்டுக்கும் வந்தாள். அப்பா ஒரு முறை பாத்திரத்தை அடுப்பிலேயே கருக விட்டுவிட்டாராம். இப்போது ஊரெல்லாம் கிரீடப் பறவை என்று பேசுகிறதாம். வீட்டை விற்றுவிட்டு அவரை நகரத்து முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறாளாம். அவருக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. அந்த வீட்டில்தான் மனைவியோடு நாற்பது வருஷம் இருந்தார், தோட்டத்தைத் தாண்டினால் வயல், அவருக்கு வேறு என்ன இருக்கிறது?

"மேவிஸ் ஆன்ட்டி, நீங்க சொன்னா நான் நம்பிடுவேன். அந்தப் பறவை வந்திருக்குமா?" என்று கேட்டாள். நல்ல பெண். கண் கலங்கியிருந்தது.

வந்திருக்க வாய்ப்பில்லை என்றேன். பழங்கள் போட்ட கேக்கில் இரண்டு துண்டு வெட்டிக் கொடுத்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

இன்று லெனார்டின் சமையலறையில் நடந்தது. உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

லெனார்ட் தனியாக இருக்கலாமா என்று முடிவுசெய்ய டாக்டரும் ஹெதரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டதே லெனார்ட்தான். சவரம் செய்து, டை கட்டியிருந்தார். பறவையை நிஜமாகப் பார்த்தீர்களா என்று டாக்டர் பொறுமையாகக் கேட்டார். பார்த்தேன், நான் மட்டும் இல்லை, மேவிஸும் பார்த்தாள் என்றார் லெனார்ட்.

"பெவிலியன் சுவரோரமா நின்ன. பச்சைக் கோட்டு போட்டிருந்த. கண்ணைத் துடைச்சுக்கிட்ட. நீயே சொல்லுவேன்னுதான் இத்தனை நாளா நான் வாயைத் திறக்கல, மேவிஸ். ஏதோ காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு 'ஆமாம்' சொன்னால் போதும். ஆனால் சொன்னால் கடையில் சொன்ன பொய், ஹெதரிடம் சொன்ன பொய், இழுப்பறையில் கிடக்கும் சீட்டு எல்லாம் வெளியே வந்துவிடும். பொய்க்காரி என்ற பெயரோடு இந்த ஊரில் எப்படி நடமாடுவேன்?

"இல்ல லெனார்ட். நான் வீட்டுல இருந்தேன். நான் அங்க வரவே இல்ல."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். மேவிஸ் இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல மாட்டாள் என்று அவர் முடிவுக்கு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு தன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு, "அவ்வளவு தெளிவா இருந்துச்சே," என்று ஹெதரிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பட்டாணி உரித்தேன். வேறு என்ன செய்வது?

ஜூலை 13, சனி

வைக்கோல் பொம்மைப் போட்டி. வீட்டுக்கு வீடு வாசலில் ஒன்று. ராய் பப் வாசலில் லெனார்டையே செய்து வைத்துவிட்டான். சிவப்புத் தொப்பி, கண்ணில் இரண்டு டப்பாக்களை ஒட்டிச் செய்த பைனாகுலர், தோளில் கிரீடம் வைத்த கோழி. குழந்தைகள் வரிசையில் நின்று அதோடு படம் எடுத்துக்கொண்டார்கள். தீர்ப்புக் குழுவில் நான், டோரீன், பாதிரியார். பாதிரியார் மட்டும் கொஞ்சம் தயங்கினார். நான் தயங்கவில்லை. முதல் பரிசு ராய்க்கு.

லெனார்டும் வந்து அதன் முன்னால் நின்று பார்த்தார். நன்றாகச் செய்திருக்கிறாய் என்று ராயின் கையைக் குலுக்கினார். அவன்கூட அதற்குப் பிறகு அதிகம் சிரிக்கவில்லை.

ஜூலை 27, சனி

லெனார்ட் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். யாரும் வற்புறுத்தவில்லையாம், அவரே கையெழுத்துப் போட்டாராம். "என் கண்ணையே நம்ப முடியலன்னா தனியா எப்படி இருக்கறது?" என்று கேட்டாராம். ஹெதர் எனக்கு நன்றி சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

உழவாரன்கள் கிளம்பிக்கொண்டிருக்கின்றன. இன்று ஆறு.

ஆகஸ்ட் 8, வியாழன்

மாவட்டப் பத்திரிகையில் படம் வந்திருக்கிறது. நாலு மைல் தள்ளி அடுத்த ஊர்ப் பள்ளி ஆசிரியை ஒருத்தி ஜூன் 12 அன்று தன் தோட்டத்தில் எடுத்தது. கொண்டலாத்தி, கொண்டையை விரித்தபடி. சந்தேகத்துக்கே இடமில்லை.

ஊர் உச்சுக் கொட்டும், பிறகு என்மேல் பாயும் என்று நினைத்தேன். மதியம் வரை வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அப்புறம் தாங்காமல் கடைக்குப் போனேன். டோரீன் பத்திரிகையை மடித்துக்கொண்டே சொன்னாள், "சரி, பறவை வந்தது நிஜம்தான்னே வெச்சுக்குவோம். ஆனா நீ அங்க நின்னேன்னாரே, கோட்டு நிறம்கூடச் சொன்னாரே. அது மூளைக் கோளாறுதானே? நல்ல வேளை, சமயத்துல கண்டுபிடிச்சாங்க."

எல்லாரும் ஆமாம் என்றார்கள்.

இப்போது பறவை இல்லை காரணம். நான்தான். அவரை அங்கே வைத்திருப்பது என் ஒரு வார்த்தை மட்டும்தான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சாப்பாடு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

லெனார்டின் வீட்டுக்கு லண்டன்காரர்கள் முன்பணம் கொடுத்துவிட்டார்களாம். இன்னும் பத்திரம் முடியவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது. போய்ச் சொல்லிவிடு. ஊர் காறித் துப்பினால் துப்பட்டும். போ மேவிஸ், போய்த் தொலை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

போனேன்.

இல்லத்துக் கூடத்தில் பத்து நாற்காலி, பத்துக் கிழவர்கள், சத்தமாக ஓடும் டிவி. லெனார்டுக்கு ஜன்னலோரம்கூடக் கிடைக்கவில்லை. வேறு யாருடையதோ ஒரு மஞ்சள் ஸ்வெட்டரை மாட்டிவிட்டிருந்தார்கள். நல்லதோ கெட்டதோ, ஹெதரும் இருந்தாள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"லெனார்ட், நான் அங்க இருந்தேன். பெவிலியன் சுவரோரம். நானும் பார்த்தேன். பொறாமையில பொய் சொல்லிட்டேன். உங்களுக்கு ஒண்ணும் இல்ல, நீங்க வீட்டுக்கு வந்துடலாம்."

அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அவர் கை சூடாக இருந்தது.

"இல்லம்மா மேவிஸ். பறவை வந்தது நிஜம், போட்டோ காட்டினாங்க. நீ வந்ததுதான் நிஜமில்ல. அது என் மூளை பண்ண வேலைன்னு டாக்டர் விளக்கமா சொல்லிட்டார். என்மேல பரிதாபப்பட்டு நீ இப்படிச் சொல்ல வேண்டாம்."

பரிதாபம் இல்லை என்றேன். எந்தத் தூண் பக்கத்தில் நின்றேன், அது எத்தனை முறை பறந்து இறங்கியது, அவர் முழங்கால் நனைந்திருந்தது - எல்லாம் சொன்னேன். சத்தம் போட்டுச் சொன்னேன் போலிருக்கிறது, ஒரு நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தாள். லெனார்ட் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு ஹெதர் பக்கம் சாய்ந்து, எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"இவளுக்கும் ஆரம்பிச்சிருச்சும்மா. பாவம், பார்த்துக்க ஆள் இல்ல."

ஹெதர் என் முழங்கையைப் பிடித்தபடி கார் வரைக்கும் வந்தாள். நீங்களேவா ஓட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டாள். நான் சொன்னது சத்தியம் என்றேன். சரி ஆன்ட்டி, சரி என்றாள். ஜூலையில் அந்தச் சமையலறையில் அவள் அப்பாவிடம் பேசின அதே குரல்.

செப்டம்பர் 1, ஞாயிறு

டோரீன் வந்தாள். நான் கேட்காமலே ஆட்டுக்கறியை மாவுக்குள் வைத்துச் சுட்டு எடுத்துவந்திருந்தாள். ஹெதர் போன் செய்தாளாம். என் பக்கத்தை இந்த மாதம் பாதிரியாரின் மனைவி எழுதட்டும், நீ கொஞ்சம் ஓய்வெடு என்றாள். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி, காது கேட்காதவளிடம் பேசுகிற மாதிரிப் பேசினாள்.

இழுப்பறையைத் திறந்து லெனார்டின் சீட்டைக் காட்டினேன். அது அவர் பார்த்ததற்குத்தானே சாட்சி, நீ பார்த்ததற்கு இல்லையே என்றாள். இந்த நோட்டையே எடுத்து ஜூன் 9-ஆம் தேதிப் பக்கத்தைப் பிரித்துக் கையில் கொடுத்தேன். நின்றபடியே ஒரு வரி விடாமல் வாசித்தாள். மூடி என் மடியில் வைத்து, அழகாக எழுதியிருக்கிறாய் என்றாள். எப்போது எழுதினாய் என்று கேட்டாள். அன்றைக்கேதான் என்றேன்.

கொண்டுவந்ததை அடுப்பில் சூடாக்கினாள், அடுப்பை அணைத்தாள், அணைந்துவிட்டதா என்று குனிந்து மறுபடி பார்த்தாள். போகும்போது வாசலில் நின்று, "இன்னைக்கு என்ன கிழமை, மேவிஸ்?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என்றேன்.

டோரீன் திரும்பிச் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள்.