துப்பாக்கி வெடிக்கும் முன்

சின்னக்குட்டி,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். இன்றைய பந்தயத்துக்குக் கிளம்பும் முன் ஒன்றாவது சாப்பிடு. போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடு.

போன பந்தயத்தில் துப்பாக்கி வெடிக்கும் முன்பே நான் "ஓடு!" என்று கத்தியதும், நீ பாய்ந்ததும், நடுவர் உன்னை நீக்கியதும் எல்லாம் என் தப்புதான். அம்மா இருந்தவரை அந்த நொடியில் என் வாயைப் பொத்திவிடுவாள். "உங்களுக்குத்தான் முதல்ல ஒரு கோச் வேணும்" என்பாள்.

கோச் உனக்குச் சொன்ன மூச்சுப் பயிற்சியை நானும் செய்து பார்த்தேன். தலை சுற்றி சோபாவில் விழுந்தேன். அதனால் "நீ வராதப்பா" என்று நீ சொன்னபடியே கடைக்குப் போகிறேன்.

அப்பா

பி.கு.: மனசு மாறினால் ஒரு போன் அடி. ஓடுகிற ஷூவைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன்.